மைட்ரல் வால்வு சுருங்கினால் என்ன நடக்கிறது: கருவுற்ற அக்காவுக்காகக் கேட்ட தம்பிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் அக்காவுக்கு 26 வயது. முதல் குழந்தை, ஐந்தாம் மாதம் நடக்கிறது. இரண்டு வாரங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடி உறங்குகிறார். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்ததில் மைட்ரல் வால்வு சுருங்கி, அதன் துளை 1 சதுர சென்டிமீட்டர் அளவே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வால்வு எப்படி வேலை செய்கிறது, இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்த குறை இப்போது ஏன் வெளிப்பட்டது, பலூன் வைத்து விரிப்பது என்றால் என்ன, பிறக்கப்போகும் குழந்தைக்கும் இது வருமா என்று நான்கு கேள்விகளை எழுப்பியிருக்கிறீர்கள். இதயநோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். உங்கள் அக்காவை நேரில் பரிசோதித்த மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். அவர் சொல்வதற்கான காரணம் விளங்குவதற்காக மட்டும் படியுங்கள்.

வால்வு என்றதும் பலரும் ஏரி மதகை நினைத்துக்கொள்கிறார்கள். மதகை ஒருவர் திருகித் திறக்க வேண்டும், ஒருவர் அடைக்க வேண்டும். இதய வால்வு அப்படிப்பட்டது அன்று. அதன் இதழ்களை இழுத்துத் திறக்கும் தசையும் இல்லை, இப்போது திற, இப்போது மூடு என்று ஆணையிடும் நரம்பும் இல்லை. கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குப் புட் வால்வு தெரிந்திருக்கும். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் அந்த மூடி, மேலே இழுப்பு ஏற்பட்டதும் தானே தூக்கிக்கொண்டு நீரை விடும். மோட்டார் நின்றதும் குழாயில் நிற்கும் நீரின் எடையாலேயே அமுங்கி மூடிக்கொள்ளும். இதய வால்வும் இதே வகைதான். பின்புறத்து அழுத்தம் மிகுந்தால் திறக்கும், முன்புறத்து அழுத்தம் மிகுந்தால் மூடும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், உங்கள் அக்காவின் உடலில் நடப்பது முழுவதையும் நீங்களே கணக்கிட்டு அறியலாம்.

நுரையீரலில் பிராணவாயு ஏற்றுக்கொண்ட இரத்தம் முதலில் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்கு இறங்குகிறது. இடது கீழறை சுருங்கும்போது அதனுள் அழுத்தம் ஏறத்தாழ 120 மி.மீ. பாதரச அளவுக்கு உயர்கிறது. அந்த உயர்வின் தொடக்கத்திலேயே மைட்ரல் வால்வு மூடிக்கொள்ள, அடுத்து அயோட்டிக் வால்வு திறந்து, இரத்தம் பெருந்தமனிக்குள் பாய்கிறது. கீழறை தளரும்போது அதன் அழுத்தம் 10-க்கும் கீழே விழுந்துவிடுகிறது. ஆனால் பெருந்தமனியில் 80 அளவு அழுத்தம் நிற்பதால் அயோட்டிக் வால்வு மூடிக்கொள்கிறது, மைட்ரல் மறுபடி திறக்கிறது. வலப்பக்கத்தில் டிரைகஸ்பிட் வால்வும் நுரையீரல் தமனி வால்வும் இதே வேலையைக் குறைந்த அழுத்தத்தில் செய்கின்றன. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் "லப்" என்ற முதல் ஒலி மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள இரண்டு வால்வுகள் மூடும்போதும், "டப்" என்ற இரண்டாம் ஒலி தமனி வாயில்களிலுள்ள இரண்டு வால்வுகள் மூடும்போதும் எழுபவை. ஒரு நாளில் இது ஏறத்தாழ ஒரு லட்சம் முறை நடக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள இதழ்கள் எழுபது எண்பது ஆண்டுகள் இதைத் தாங்கி நிற்கின்றன என்பதை இன்றும் வியப்போடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

மைட்ரல் வால்வுக்கு ஒரு சிக்கல் உண்டு. அது மூடியிருக்கும் நேரத்தில்தான் கீழறை முழு வலுவோடு சுருங்குகிறது. அந்த அழுத்தத்தில் மெல்லிய இதழ்கள், எதிர்க்காற்றில் குடை பின்பக்கம் மடிவதைப் போல, மேலறைக்குள் புரண்டுவிடக் கூடும். அதைத் தடுக்கவே இதழ்களின் விளிம்புகளிலிருந்து நூல் போன்ற நாண்கள் கிளம்பி, கீழறைச் சுவரில் எழுந்து நிற்கும் பாப்பில்லரித் தசைகளோடு இணைகின்றன. கீழறை சுருங்கும்போது இந்தத் தசைகளும் சேர்ந்து சுருங்கி நாண்களை விறைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. இவை வால்வைத் திறக்க இழுப்பவை என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன், அது தவறு. மூடிய கதவு எதிர்ப்பக்கம் போய்விடாமல் பிடித்து வைப்பதே இவற்றின் பணி. அயோட்டிக் வால்வுக்கு நாண்கள் இல்லை. அதன் மூன்று பிறை வடிவ இதழ்களுக்குப் பின்னால் பெருந்தமனியின் சுவர் சற்றே புடைத்திருக்கும். அந்தப் புடைப்புகளில் இரத்தம் சுழன்று திரும்பும் சுழிப்பு, இதழ்கள் நல்ல முறையில் மூட உதவுகிறது. லியோனார்டோ டா வின்சி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் சுழிப்பை வரைந்து காட்டியிருக்கிறார்.

இனி உங்கள் அக்காவின் வால்வுக்கு வருகிறேன். நலமான மைட்ரல் வால்வின் துளை 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும்; இரண்டு விரல்கள் தாராளமாக நுழையும். 1.5-க்குக் கீழே போனால் அது கடுமையான சுருக்கம். நம் நாட்டில் இந்த வயதுப் பெண்ணுக்கு மைட்ரல் சுருக்கம் இருந்தால், அதன் காரணம் பெரும்பாலும் சிறுவயதில் வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல்தான். பத்து வயதில் ஒரு மாதம் முழங்கால் வீங்கி, பிறகு கணுக்கால் வீங்கி, தானே சரியாகிவிட்டது என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே அதன் தடயமாக இருக்கக் கூடும். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப்புண் வரும்போது, உடல் அந்தக் கிருமியை எதிர்க்க உண்டாக்கும் எதிர்ப்பாற்றல், கிருமியின் புரதத்தை ஒத்திருக்கும் இதயத் திசுவையும் தாக்கிவிடுகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத் தொடங்குவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த நோய் மூட்டுகளை நக்கிவிட்டுப் போகும், இதயத்தைக் கடித்துவிடும் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் லாசேக் சொன்னதை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மூட்டுவலி சுவடின்றி மறைகிறது. வால்வில் விழுந்த புண் தழும்பாகி, இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, நாண்கள் குறுகித் தடிக்கின்றன. மேலைநாடுகளில் இப்படிச் சுருங்குவதற்கு இருபது முப்பது ஆண்டுகள் பிடித்ததாக நூல்கள் கூறுகின்றன. இந்தியாவிலோ இருபது வயதுக்குள்ளேயே கடுமையான சுருக்கம் வருவதை டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் எஸ். பி. ராயும் அவரோடு பணியாற்றியவர்களும் 1963-இலேயே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் ஏன் தெரியவில்லை? இதற்கு விடை அழுத்தக் கணக்கில் இருக்கிறது. துளை சுருங்கினாலும் உடலுக்கு வேண்டிய இரத்தம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர், அதன் வழியாகப் போயே ஆக வேண்டும். அதற்கு மேலறையில் அழுத்தம் கூட வேண்டும். எவ்வளவு கூட வேண்டும் என்பது பாய்வின் இருமடியைப் (ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வரும் வர்க்கத்தைப்) பொறுத்தது: அதே துளையில் இரு மடங்கு பாய்வைச் செலுத்த வேண்டுமானால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காக வேண்டும். எக்கோ கருவியும் இந்த விதியைத்தான் பயன்படுத்துகிறது. துளையில் பாயும் இரத்தத்தின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அளந்து, அதன் இருமடியை நான்கால் பெருக்கினால் அந்தக் கணத்து அழுத்த வேறுபாடு மி.மீ. பாதரசத்தில் கிடைத்துவிடும், வேகம் 2 மீட்டர் என்றால் வேறுபாடு 16.

எடுத்துக்காட்டாக, கருவுறுவதற்கு முன்பு உங்கள் அக்காவின் வால்வின் இருபுறமும் 10 மி.மீ. வேறுபாடு இருந்ததாகக் கொள்வோம். கீழறையில் 8 இருந்தால் மேலறையில் 18. இயல்பைவிட இது கூடுதல்தான். ஆனாலும் வீட்டு வேலை செய்யத் தடையிராது. மேலறைக்குப் பின்னால் இருப்பது நுரையீரலின் நுண்குழாய்கள். அங்கே அழுத்தம் ஏறத்தாழ 25-ஐத் தாண்டும்போதுதான் இரத்தத்தின் நீர் காற்றறைகளுக்குள் கசியத் தொடங்கும். கருவுற்ற பிறகு உடலில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் இறைக்கும் அளவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடி, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் உச்சத்தை நெருங்குகிறது. பாய்வு 1.4 மடங்கானால் அழுத்த வேறுபாடு அதன் இருமடியாக, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்காக வேண்டும். 10 இருந்த இடத்தில் 20, மேலறையில் 28. வால்வு ஒரு மயிரிழைகூடக் கூடுதலாகச் சுருங்காமலேயே நுரையீரல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியதன் பொருள் இதுதான். படுத்தால் கால்களிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த இரத்தம் நெஞ்சுக்குத் திரும்புவதால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. அதனால்தான் தலையணைகள் தேவைப்படுகின்றன. கர்ப்பத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று இதைத் தள்ளிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. படுக்க முடியாத மூச்சுத்திணறல் கர்ப்பத்தின் இயல்பு அன்று. நீங்கள் அழைத்துச் சென்று எக்கோ எடுத்தது மிகச் சரியான செயல்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிகிச்சையின் அடிப்படையே அதுதான். மைட்ரல் வால்வு திறந்திருப்பது இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும். நாடி 70 இருக்கும்போது ஒரு துடிப்புக்கு 0.85 நொடி, அதில் அரை நொடிக்கும் சற்றுக் கூடுதலாக இரத்தம் இறங்க நேரம் கிடைக்கிறது. நாடி 120 ஆனால் துடிப்புக்கு அரை நொடிதான்; இரத்தம் இறங்க ஏறத்தாழ கால் நொடியே எஞ்சும். துடிப்பு வேகமாகும்போது சுருங்கும் நேரம் சிறிதளவும் தளரும் நேரம் பெரிதளவும் குறைவதால், சுருங்கிய மைட்ரல் வால்வுக்குப் படபடப்பைப் போல் பகை வேறில்லை. காய்ச்சல், இரத்தசோகை, பதற்றம், கடும் வேலை ஆகியவை ஆபத்தாவது இதனால்தான். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை நாடியைக் குறைத்துத் தரும் பயன், இறங்குவதற்குக் கிடைக்கும் கூடுதல் நேரமே. சிறுநீரைக் கூட்டும் மாத்திரை இரத்தத்தின் நீர் அளவைக் குறைத்து மேலறை அழுத்தத்தைத் தணிக்கிறது. உப்பைக் குறையுங்கள், ஓய்வு எடுங்கள், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்வது வழக்கமான அறிவுரை போலத் தோன்றலாம். உங்கள் அக்காவைப் பொறுத்தவரை அவை மருந்துக்கு நிகரானவை.

நெடுங்காலம் அழுத்தத்தைத் தாங்கிய மேலறை பெருத்து, அதன் மின்னோட்டம் குலைந்து, துடிப்பு ஒழுங்கற்றுப் போவதும் உண்டு. அப்போது மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மைட்ரல் சுருக்கத்தோடு துடிப்பும் ஒழுங்கற்றுப் போனவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கட்டாயம் கொடுப்பது இதனால்தான். உங்கள் அக்காவின் நாடி சீராக இருப்பதாக எழுதியிருப்பது ஆறுதல் தருகிறது.

மற்ற வகைச் சேதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அறிக்கையில் வரும் சொற்கள் விளங்குவதற்காக. சுருக்கம் ஒரு வகை என்றால் கசிவு மற்றொரு வகை. நாண் அறுந்தாலோ, மாரடைப்பில் பாப்பில்லரித் தசை செயலிழந்தாலோ மைட்ரல் கசிந்து, கீழறை இறைத்ததில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது. ஒரே இரத்தத்தை இருமுறை இறைத்துக் கீழறை களைத்துப் பெருக்கிறது. அயோட்டிக் சுருக்கம் பெரும்பாலும் முதுமையில் சுண்ணாம்புப் படிவால் வருவது; பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் உள்ளவர்களுக்கு, அதாவது நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு, இன்னும் முன்னதாக வரும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்ற அறிகுறிகள் தோன்றிவிட்டால் அங்கே காத்திருக்கக் கூடாது. சேதமான எந்த வால்விலும் கிருமி தங்கிப் புண்ணாக்கக் கூடும் என்பதால் பல் சுத்தம் உங்கள் அக்காவுக்கு மிக முக்கியம்; காரணமறியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்கு முன் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

பலூன் சிகிச்சையைப் புரிந்துகொள்ள அதன் வரலாறு உதவும். 1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற அறுவை மருத்துவர், ஒரு சிறுமியின் இடது மேலறையில் சிறு துளையிட்டு, விரலை நுழைத்து மைட்ரல் வால்வை விரித்தார். சிறுமி பிழைத்துக்கொண்டாள், ஆனாலும் அவருக்கு அடுத்த நோயாளியை எந்த மருத்துவரும் அனுப்பவில்லை. குறை இதயத் தசையில் இருக்கிறதே தவிர வால்வில் இல்லை என்பது அக்காலத்து நம்பிக்கை. 1948-இல் அமெரிக்காவில் பெய்லி, ஹார்கன், இங்கிலாந்தில் பிராக் ஆகியோர் தனித்தனியே இதை மீண்டும் தொடங்கிய பிறகுதான் நிலைபெற்றது. விரல் செய்த வேலையைப் பலூனுக்குக் கொடுத்தவர் ஜப்பானின் கஞ்சி இனோவே. அவருடைய முறை 1984-இல் அச்சில் வெளிவந்தது. தொடையிடுக்குச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குக் கொண்டுசென்று, மேலறைகளுக்கு இடைப்பட்ட சுவரைத் துளைத்து இடப்பக்கம் நுழைந்து, வால்வின் நடுவே பலூனை வைத்துச் சில நொடிகள் ஊதுகிறார்கள். ஒட்டிப்போன ஓரங்கள் ஒட்டிய கோட்டிலேயே பிரிகின்றன. நெஞ்சைத் திறப்பதில்லை, துளை வழக்கமாக ஏறத்தாழ இரு மடங்காகிறது. 1 சதுர சென்டிமீட்டர் இருந்தது 1.8 அல்லது 2 ஆனால், மேலே சொன்ன இருமடிக் கணக்கின்படி அழுத்த வேறுபாடு நான்கில் ஒரு பங்கை நெருங்கிவிடும். முழு அளவான 4-க்குத் திரும்பாவிட்டாலும் மேசையிலிருந்து இறங்கும்போதே மூச்சு இலேசாகிவிட்டதாகப் பலர் சொல்வதற்குக் காரணம் இது.

எல்லா வால்வுக்கும் இது பொருந்தாது. இதழ்கள் வளையும் தன்மையோடு இருக்க வேண்டும், சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருக்கக் கூடாது, கசிவு ஏற்கெனவே மிகுந்திருக்கக் கூடாது, மேலறையில் இரத்தக் கட்டி இருக்கக் கூடாது. இளம் வயதினரின் வால்வு பெரும்பாலும் வளையும் நிலையில் இருக்கும். கர்ப்பத்தில் முதலில் மாத்திரையும் ஓய்வும் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் மூச்சுத்திணறல் அடங்காவிட்டால் பலூன். குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்துவிட்ட இந்த நடு மாதங்கள் அதற்கு ஏற்றவை. எக்ஸ்ரே கதிர் படாதபடி வயிற்றை ஈயக் கவசத்தால் மறைத்து, கதிர் பயன்படும் நேரத்தையும் குறைத்துச் செய்வார்கள்.

வால்வையே மாற்ற வேண்டுமா என்ற ஐயமும் உங்களுக்கு எழலாம். பலூனுக்கு ஏற்ற வால்வை மாற்ற வேண்டிய தேவை இப்போது இல்லை. பின்னாளில் எப்போதாவது வரலாம். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும், கீரையைத் திடீரென்று கூட்டாமலும் நிறுத்தாமலும் ஒரே அளவில் உண்ண வேண்டும். அந்த மாத்திரை கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருவுக்குக் கேடு செய்யக் கூடும். விலங்குத் திசுவால் செய்த திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு; எனினும் இளம் உடலில் அது விரைவில் தேய்ந்துவிடுகிறது. தாயாக விரும்பும் பெண்ணுக்கு, தன் சொந்த வால்வை இயன்றவரை காப்பாற்றிக்கொள்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. இங்கே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. முந்தைய வடிவங்கள் தோற்று, செம்மறி ஆடுகளில் சோதித்துத் தேறிய வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத ஏழைகள் பலருக்கு அது உயிர் கொடுத்தது. உலோக வளையத்துக்குள் சாய்ந்து திரும்பும் ஒரு பிளாஸ்டிக் வட்டு, அவ்வளவே. அதையும் திறந்து மூடுவது இரத்தத்தின் அழுத்தம்தான்.

பிரசவம் பற்றி ஓர் எச்சரிக்கை. மகப்பேறு மருத்துவரும் இதயநோய் மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். சுகப்பிரசவமே பெரும்பாலும் இயலும். வலி குறைந்தால் நாடி ஏறாது என்பதால் முதுகுத்தண்டு வழி வலிநிவாரணம் கொடுப்பார்கள். குழந்தை பிறந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் கருப்பை சுருங்கித் தன்னிடமிருந்த இரத்தத்தை உடலுக்குள் தள்ளுகிறது. வயிற்றின் அழுத்தமும் நீங்கிக் கால்களின் இரத்தம் வேகமாகத் திரும்புகிறது. சுருங்கிய வால்வுக்கு முன்னால் ஒரு வெள்ளம் வந்து நிற்கும் நேரம் அது. முதல் இரண்டு நாட்கள் தீவிரக் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் மறுக்காதீர்கள். பிரசவத்துக்கு முன்பு எந்த நாளிலும் இருமலோடு நுரை கலந்த, இளஞ்சிவப்பான சளி வந்தாலோ, உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, குழந்தைக்கும் வருமா என்பது. தாயின் சுருங்கிய வால்வு குழந்தைக்குப் போவதில்லை. குழந்தை இந்த நோயோடு பிறப்பதும் இல்லை. உங்கள் அக்காவுக்கு 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்தால், அது தழும்பைக் கரைக்க அன்று, புதிய தொண்டைத் தொற்று வந்து வால்வை மறுபடி தாக்காமல் தடுக்க. ஒவ்வாமை இல்லாதவர்களுக்குக் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதைப் போடலாம், நாற்பது வயது வரையாவது தொடர வேண்டியிருக்கும். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகும் வயதில், இருமலோ சளியோ இல்லாமல் காய்ச்சலோடு தொண்டை சிவந்து, கழுத்தில் நெறி கட்டி, விழுங்க முடியாமல் அழுதால், உப்புநீர் கொப்பளிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பென்சிலின் மாத்திரை கொடுத்தால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டாலும், பத்து நாளும் முழுமையாகக் கொடுத்து முடியுங்கள்.